அத்தானின் விமானத்துக்கு மறுபடியும் வருவதற்கில்லை

மதிப்பும் அன்பும் நிறைந்த அத்தானுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உங்கள் கடிதம் வரும்வரை இன்னும் நலமாக இருந்தோம்.

விமான நிறுவனத்தை மறுபடியும் தொடங்கப் போவதாகவும், பழையபடி நான் டிக்கெட் கவுண்டரில் உட்கார வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் மனைவி படித்துவிட்டு, "உங்க அத்தான் கூப்பிட்டாருன்னு ஓடினீங்கன்னா, நான் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

நாம் எப்படிக் கவிழ்ந்தோம் என்று மறந்துவிட்டீர்களா? நம்மிடம் இருந்தது பத்தொன்பது பேர் உட்காரும் ஒரே விமானம். சின்னது என்பதால் பெட்டியோடு ஆளையும் எடைபோட்டுத்தான் ஏற்ற வேண்டும். முதல் வருஷம் ஒழுங்காகப் போட்டோம், கூட்டம் நிரம்பி வழிந்தது. அப்புறம் உங்கள் சம்பந்தி பயணம் வந்தார். "சம்பந்தியைப் போய் எடை மெஷின்ல ஏத்துறதா? மானம் போயிடும்டா. வாயால கேட்டு எழுதிக்கோ" என்றீர்கள். அதைப் பார்த்து எல்லாரும் அந்த மரியாதையைக் கேட்டார்கள், கொடுத்தோம். அன்றிலிருந்து ஐம்பது கிலோவைத் தாண்டிய எவருமே நம் விமானத்தில் ஏறவில்லை. ஜிம் வைத்திருந்தவர்கூட நாற்பத்தெட்டு என்றார், நானும் எழுதிக்கொண்டேன். விமானம் ஓடுபாதையின் கடைசிவரை ஓடிவிட்டு, எழும்பாமல் திரும்பி வரும். பைலட் இறங்கி வந்து, "பேப்பர்ல எல்லாரும் ஒல்லியா இருக்காங்க. அப்ப உள்ள உக்காந்திருக்கிறது யாரு?" என்று கத்துவார். ஆளை இறக்க மனசு வராமல் பெட்டிகளை இறக்கினோம். ஆள் இன்று போவார், துணி நாளை போகும். சொந்தக் கல்யாணத்துக்குப் போன மாப்பிள்ளை கசங்கிய சட்டையோடு போட்டோவில் நின்றார். ஜனங்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். விமானத்தை விற்று அனுப்பிய அன்று நீங்கள் அழுதீர்கள், நானும் அழுதேன். இப்போது பஸ் கம்பெனி கவுண்டரில் அதே ஜனங்களுக்கு டிக்கெட் கொடுக்கிறேன். பெட்டி எங்கே என்று இன்றும் என்னிடம்தான் கேட்கிறார்கள்.

ஆகவே வருவதற்கில்லை. மன்னிக்கவும். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரும் தரையிலேயே நீண்ட காலம் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மைத்துனன்

பின்குறிப்பு: இன்று மதியம் தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டது. வரிசையில் நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடிப்போய், அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். "உங்களுக்கு இங்க வேலை பார்க்க இஷ்டமா, இல்லையா?" என்று மேனேஜர் கேட்டார். யோசிக்காமல் "இல்லை" என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வந்துவிடுகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அக்காவை என் மனைவியிடம் பக்குவமாகச் சொல்லச் சொல்லுங்கள். அந்த நேரம் பார்த்து நான் வெளியே போய்விடுகிறேன்.