ஜீவானந்தம் பார்த்த பன்னிரண்டு போர்வைகள்

ஜீவானந்தம் பதினேழாவது சிவப்பு அம்பை ஒட்டிக்கொண்டிருந்தபோது, சுபஸ்ரீ குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். ஒரு வாரம் கண் நோகத் தைத்த போர்வை, அம்மை போட்ட குழந்தை மாதிரி தரையில் கிடந்தது.

"இன்னாங்க, இவ்ளோ அம்பு?"

"என்.ஜி.," என்றார் ஜீவானந்தம்.

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனி ஒன்றில் அவர் பதினெட்டு வருடமாகக் கடைசிச் சோதனையில் நிற்கிறவர். அவர் கண்ணைத் தாண்டித்தான் உறை வெளியே போக வேண்டும். தையல் ஒரு நூல் விலகினாலும் அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் விழும். தேறாத பொருளுக்கு அங்கே என்.ஜி. என்று பெயர். அந்த இரண்டு எழுத்தை அவர் வீட்டில் தோசைக்கும் சொல்வார், பக்கத்து வீட்டுக் கோலத்துக்கும் சொல்வார்.

"எந்த எடம் என்.ஜி.?"

"இங்க பாரு, ஒரு இஞ்சுக்கு ஏழு தையல். இங்க ஆறு. இங்க எட்டு. இந்தத் துண்டு சதுரமா? நீயே சொல்லு."

"கையால தைச்சா அப்டித்தாங்க வரும்."

"கை இன்னா, ஸ்கேல் வெச்சா கேக்காதா?"

விஷயம் இதுதான். பிள்ளைப்பாக்கத்தில் அவர்கள் தெருக்கோடியில் இருக்கும் ஞானம்மா, ஒரகடத்தில் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர். வெளிநாட்டு இன்ஜினியர்கள் மாதக்கணக்கில் தங்குகிற விடுதி. படப்பை தையல் கடைகளில் மீந்துபோகும் துண்டுத் துணிகளை ஒட்டுச் சேர்த்து, உள்ளே பழைய நூல் புடவையை மடித்து வைத்து சுபஸ்ரீ தைக்கும் போர்வையைப் பற்றி அவர்தான் விடுதி மேனேஜர் மெர்சியிடம் சொன்னார். கட்டிலின் கால்மாட்டில் விரிக்கிற அளவில் பன்னிரண்டு போர்வை கேட்டார் மெர்சி. கெடு ஒரு மாதம். பிடித்துவிட்டால் மீதி நாற்பது அறைகளுக்கும் இவர்களே தைக்கலாம்.

நாற்பது அறை என்றால் சுபஸ்ரீ வேலையை விட்டுவிடலாம். ஒயர் கட்டும் கம்பெனியில் அவளுக்கு வேலை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ். ஹாரன் அடித்ததும் அரைத்தூக்கத்தில் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் ஓடுவதை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போதெல்லாம் ஜீவானந்தத்துக்கு மனசு கேட்காது. இந்த ஆர்டர் எப்படியாவது அமைய வேண்டும் என்று அவளைவிட அவர்தான் அதிகம் ஆசைப்பட்டார். அதனால்தான் அம்பு.

பதினேழு இடத்திலும் தையலைப் பிரித்தார்கள். பிரித்த இடமெல்லாம் ஊசி ஓட்டை தெரிந்தது.

"தண்ணில நனைச்சா ஓட்டை மூடிக்கும்," என்றார் ஜீவானந்தம்.

நனைத்தார்கள். ஓட்டை மூடிக்கொண்டது. சிவப்புத் துண்டின் சாயம் இறங்கி மஞ்சள் துண்டு ஆரஞ்சானது. காய்ந்ததும் போர்வை நான்கு விரற்கடை சுருங்கியிருந்தது.

"அயர்ன் பாக்ஸை நல்லா சூடு பண்ணி, ஒருத்தர் இழுத்துப் பிடிச்சா சரியாப் பூடும்."

இழுத்துப் பிடித்தது சுபஸ்ரீ. தேய்த்தது ஜீவானந்தம். ஒரு ஓரத்தில் ஏழு தையலா ஆறு தையலா என்று அவர் குனிந்து எண்ணிப் பார்த்த நேரத்தில், இன்னொரு ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி தன் அடிப்பாகத்தை அச்சு எடுத்துவிட்டது. அந்தப் போர்வை பைக் துடைக்கப் போனது.

"தப்பு உன் மேல இல்ல, சிஸ்டம் மேல," என்றார் ஜீவானந்தம் பெரிய மனசோடு. மறுநாளே மூன்று பெண்களையும் கூட்டினார். சுபஸ்ரீ, ஞானம்மா, எதிர்வீட்டுச் சந்தனமாரி. சந்தனமாரிக்குக் கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும்.

"இனிமே சாம்பல் துணி, நீலத் துணி. அவ்ளோதான். வேற கலர் கெடையாது. இந்த அட்டைய வெச்சு வெட்டணும். பன்னெண்டும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கணும். ரெண்டு நாளைக்கு ஒரு பீஸ் என் டேபிளுக்கு வரணும். நான் அம்பு ஒட்டுவேன். நீங்க திருத்திட்டு, பேப்பர்ல கையெழுத்துப் போட்டு ஸ்டோருக்கு அனுப்பணும்."

"ஸ்டோரா? அது எங்க கீது?" என்று கேட்டார் ஞானம்மா.

"உங்க வூடுதான்க்கா. பாத்த பீஸும் பாக்காத பீஸும் ஒரே எடத்துல இருக்கக் கூடாது. எங்க கம்பெனில அதான் ரூல்."

"எல்லாம் ஒரே மாதிரி இருந்தா எது எதுன்னு எப்டிண்ணா தெரியும்?" என்றாள் சந்தனமாரி.

"அதுக்குத்தான் நம்பர் போட்ட சீட்டு. பின் போட்டு மாட்டிடுங்க."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுந்து ஞானம்மா வீட்டுக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து சிரிப்புச் சத்தம் தெருவுக்கே கேட்டது. நல்ல சிஸ்டம் வந்தால் தொழிலாளிக்குத் தானாக உற்சாகம் வரும் என்று ஜீவானந்தம் நினைத்துக்கொண்டார்.

ஒன்றாம் நம்பர் போர்வை வந்தது. இருபத்து மூன்று தப்பு.

"புது சிஸ்டத்துல ஆரம்பத்துல அப்டித்தான் இருக்கும்," என்று ஆறுதல் சொன்னார்.

இரண்டாம் நம்பரில் பதினொன்று. ஜீவானந்தம் பிரிட்ஜ் கதவில் ஒரு கிராஃப் ஒட்டி, இரண்டு புள்ளிகளையும் கோட்டால் இணைத்தார். கோடு இறங்குவதைப் பார்க்க அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் நம்பரில் கோடு பதினான்குக்கு ஏறியது.

"தைக்கும்போது பேசினீங்களா?"

"பேசாம எப்டிண்ணா தைக்கிறது? தூக்கம் வந்துடும்."

"இனிமே பேசக் கூடாது."

நான்காம் நம்பரில் ஆறுதான். பேச்சை நிறுத்தியதன் பலன் என்று கிராஃபுக்குக் கீழே எழுதி வைத்தார். ஐந்தாம் நம்பரில் பத்தொன்பது. தேநீர் டம்ளரைத் துணிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று அடுத்த உத்தரவு போட்டார். ஆறில் இருபத்தொன்று. தைப்பதற்கு முன் கையையும் கழுத்தையும் சுழற்றி உடற்பயிற்சி செய்து, "தப்பு செய்ய மாட்டேன், தப்பை வாங்க மாட்டேன், தப்பை அனுப்ப மாட்டேன்" என்று மூன்று முறை சொல்ல வைத்தார். ஞானம்மா மட்டும் கழுத்து வலி என்று விலக்கு வாங்கிக்கொண்டார். ஏழில் இருபத்தைந்து.

எட்டாம் நம்பர் வந்த அன்று கம்பெனியில் ரகளை. தேறியதென்று அவர் அனுப்பிய சீட் உறைகளில் ஒரு லாட் திரும்பி வந்திருந்தது. லைனில் எல்லார் முன்னாலும் மேனேஜர் ஜீவானந்தத்தைப் பிடித்துக் காய்ச்சி எடுத்திருந்தார். அதோடு ஓவர்டைம் வேறு. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்கேலை எடுத்தார். முப்பத்தொன்று.

"முப்பத்தொண்ணு! இன்னா தைக்கிறீங்க நீங்கல்லாம்? கண்ண மூடிக்கினு தைச்சாக்கூட இவ்ளோ தப்பு வராது!"

சுபஸ்ரீ முதல் தடவையாகத் திருப்பிப் பேசினாள்.

"எட்டு தடவ பாத்துட்டீங்க. ஒரு தடவையாச்சும் நல்லா கீதுன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? எனக்கு ஆர்டரும் வாணாம், ஒண்ணும் வாணாம். நான் அந்த அஞ்சு மணி பஸ்ஸுலயே போய்க்கினு கெடக்கறேன். அதுல ஏறுனா யாரும் அம்பு ஒட்ட மாட்டாங்க."

அவள் கண் கலங்கியதை ஜீவானந்தம் பார்த்தார். யாருக்காக இதையெல்லாம் செய்கிறோமோ அவளையே அழ வைத்துவிட்டோமே என்று நொந்துபோனார். மறுநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது படப்பையில் இறங்கி இரண்டு முழம் பூவும் ஒரு பாக்கெட் ஊசியும் வாங்கி வந்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவருக்கு வராது. பூவை நீட்டியதோடு சரி.

அதற்குப் பிறகு கோடு சரசரவென்று இறங்கியது. ஒன்பதில் ஒன்பது. பத்தில் ஐந்து. பதினொன்றில் இரண்டு.

பன்னிரண்டாம் நம்பர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. வஞ்சிரம் வறுவலும் மீன் குழம்புமாகச் சாப்பிட்டு எழுந்து, கையை மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். ஸ்கேலை வைத்தார். மூலைக்கு மூலை நூல் பிடித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் போட்டும் பார்த்தார்.

ஒரு தப்புகூட இல்லை.

"சுபா," என்றார். "நல்லா கீது. ரொம்ப நல்லா கீது. பதினெட்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு தையல நான் பாத்ததே இல்ல."

பச்சை ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து அதன் மூலையில் ஒட்டினார். தங்கள் கம்பெனியில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் பச்சை விழும் என்றார். சுபஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாதபடி முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு மெர்சி காரில் வந்து இறங்கினார். இந்த நாளுக்காகவே ஜீவானந்தம் லீவு போட்டிருந்தார். சட்டையை உள்ளே விட்டு, கிராஃபைப் பிரிட்ஜிலிருந்து கூடத்துச் சுவருக்கு மாற்றியிருந்தார். ஞானம்மாவும் சந்தனமாரியும் பெரிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்து அவிழ்த்தார்கள்.

ஜீவானந்தம் குனிந்து பார்த்தார்.

மூட்டைக்குள் சாம்பலும் இல்லை, நீலமும் இல்லை. மேலே கிடந்தது ரோஜாவும் பச்சையும். அதற்கடியில் மஞ்சளும் ஊதாவும். எந்தத் துண்டும் எந்தத் துண்டோடும் அளவில் சேரவில்லை. நூல் தன் இஷ்டத்துக்கு வளைந்து நெளிந்து போயிருந்தது. ஒரு போர்வையின் நடுவில் கிளி படம் போட்ட துணியைத் தலைகீழாக வைத்துத் தைத்திருந்தார்கள்.

"மேடம், தொடாதீங்க!" என்று பாய்ந்தார். "இது என்.ஜி. பண்டல்! ஸ்டோர்ல மாறி வந்துடுச்சு!"

மூட்டையின் ஒரு முனையை அவர் இழுத்தார். மறுமுனை மெர்சி கையில் இருந்தது.

"விடுங்க சார், நான் பாக்கணும்."

"பாக்கக் கூடாது மேடம்! பாத்தா எங்க மானமே பூடும்!"

"ஏங்க, விடுங்க," என்று சுபஸ்ரீ அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் விட்ட வேகத்தில் மெர்சி போர்வைகளோடு சோபாவில் போய் விழுந்தார். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடியில் விரித்துப் பார்த்தார். கிளியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இது யாரு தைச்சது?"

"நான்தான் மேடம்," என்றாள் சந்தனமாரி. "பேசிக்கினே தைச்சேனா, கிளி தலகீழா பூட்ச்சி. பிரிச்சுத் தரட்டா?"

"ஐயோ, பிரிக்காதீங்க. மெஷின் தையல் வேணும்னா நான் கடையில வாங்கிட்டுப் போயிருப்பேனே. அங்க தங்கறவங்க வீட்டை விட்டு வந்து மாசக்கணக்கா ஆகுது. யாரோ உக்காந்து பேசிச் சிரிச்சுத் தைச்சதுன்னு பாத்தாலே தெரியுது. இதைத்தான் நான் கேட்டேன்."

ஜீவானந்தம் உள்ளே ஓடி, பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய சாம்பல் போர்வையை எடுத்துவந்து விரித்துக் காட்டினார்.

"மேடம், ஒரிஜினல் இதுதான். பன்னெண்டாம் நம்பர். ஜீரோ டிஃபெக்ட்!"

மெர்சி அதைத் தடவிப் பார்த்தார்.

"கார் சீட் மாதிரி இருக்கே சார்," என்றார்.

அப்புறம் சுபஸ்ரீ பக்கம் திரும்பி, நாற்பது அறைகளுக்கும் தைக்கச் சொன்னார். எப்போது ஆரம்பிக்க முடியும் என்று கேட்டார். திங்கட்கிழமையே என்றாள் சுபஸ்ரீ. அன்றிலிருந்து ஐந்து மணி பஸ் தனக்கு வேண்டாம் என்று மனசுக்குள் தீர்மானித்தது அவள் முகத்திலேயே தெரிந்தது. சந்தனமாரி விசில் அடித்தாள். மூட்டை காரில் ஏறியது.

கார் தெருவைத் தாண்டும்வரை ஜீவானந்தம் வாசலிலேயே நின்றார். மனைவியின் முகத்தைப் பார்க்க அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கு இடித்தது. கையிலிருந்த சாம்பல் போர்வையோடு ஞானம்மாவிடம் வந்தார்.

"சரிக்கா, மேடத்துக்கு அதுதான் புடிச்சிருக்குன்னா நான் இன்னா சொல்றது? ஆனா நான் பாத்து அனுப்பின பன்னெண்டு எங்க? இதோ, இது பன்னெண்டாம் நம்பர். மீதி பதினொண்ணு உங்க வூட்லதானே கீது?"

ஞானம்மா அவரைப் பாவமாகப் பார்த்தார்.

"இன்னா பதினொண்ணு தம்பி? அம்ப உரிச்சிட்டு, சீட்ட மாத்தி மாட்டி, பன்னெண்டு தடவையும் இந்த ஒண்ணத்தான் உங்கிட்ட குடுத்தோம். மொத நாள் இருபத்தி மூணு தப்பு சொன்ன, நேத்து ஒண்ணுகூட இல்லன்ன. நடுவுல நாங்க இதுல ஊசியே வெக்கல."