அழிந்த உலகத்தில் பெட்ரோல் ஊற்றியது யார்?

உலகம் என்றைக்கு அழியும் என்று சொல்ல ஆயிரம் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். அழிந்த மறுநாள் காலையில் பால் பாக்கெட் எங்கே கிடைக்கும் என்று சொல்லக்கூடியவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் நீடாமங்கலத்தில், ரயில்வே கேட்டுக்குத் தெற்கே, மூன்றாவது வீட்டில் இருக்கிறார். உலகம் இதுவரை அழியாமல் இருப்பதற்கே அவர்தான் காரணம் என்பது என் கருத்து. அழியப் புறப்பட்ட ஒவ்வொரு தடவையும் அவர் "அதெப்படி?" என்று கேட்டிருப்பார். பதில் தெரியாமல் உலகம் வந்த வழியே திரும்பியிருக்கும்.

இது ஒரு தனி இனம். அதெப்படிக்காரர்கள் என்று பெயர். உங்களுக்கும் தெரிந்த இனம்தான். கதாநாயகன் மலையுச்சியிலிருந்து விழுந்துகொண்டிருப்பான், நீங்கள் நாற்காலி நுனிக்கு வந்திருப்பீர்கள், வாய்க்குப் போன முறுக்கு பாதி வழியில் நின்றிருக்கும். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வரும். "அதெப்படிங்க, மூக்குக்கண்ணாடி மட்டும் கழண்டு விழல?" முடிந்தது. அப்புறம் அவன் விழுந்தாலென்ன, பறந்தாலென்ன?

என் தாய்மாமா பெரியநாயகசாமி இந்த இனத்தில் ராஜ வம்சம். முப்பது வருஷம் பொதுப்பணித் துறையில் லஸ்கர். அதாவது வாய்க்கால் மதகில் ஷட்டரை ஏற்றி இறக்கி, எங்கே கசிகிறது, எங்கே உடைகிறது என்று கரையோடு நடந்தே தேய்ந்தவர். ரிட்டயர் ஆனபோது மதகை விட்டுவிட்டு வந்தார். கசிவு தேடும் கண்ணை விட்டுவிட்டு வரவில்லை. பங்குக் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் வைத்தால், குழந்தை இயேசுவைப் பார்ப்பதற்கு முன்னால், "அதெப்படி சாமி, ஒட்டகத்தவிட ஆடு ஒசரமா இருக்கு?" என்று சாமியாரிடமே கேட்பார். சாமியார் அடுத்த வருஷம் ஒட்டகத்தையே எடுத்துவிட்டார்.

கேபிள் டிவி வந்தது. அதில் ஊரெல்லாம் அழிந்து, செத்தவர்கள் எழுந்து, மிச்சமிருப்பவர்களைக் கடிக்க ஓடிவரும் வெள்ளைக்காரப் படங்கள் தமிழ் பேசிக்கொண்டு வந்தன. மாமாவுக்கு மறுபடியும் வேலை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. செத்தவன் எழுந்திருப்பதில் அவருக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் போகிறவர், அதெல்லாம் நடக்கக்கூடியதுதான். அவருக்குப் பிரச்சினை வேறு.

"ஊர்ல ஆளே இல்ல, மூணு வருசமாச்சுங்கிறான். வயலு பச்சைப்பசேல்னு இருக்கே, அதெப்படி? மொறை வச்சு தண்ணி விட்டது யாரு? ஷட்டர ஒரு வருசம் தொடாம போட்டா வாய்க்கா பூரா ஆகாயத்தாமரை மண்டிரும். சரி, அந்தப் புள்ளைக்குப் புருவம் எடுத்துவிட்டது யாரு? அதவிடு, வண்டிக்குப் பெட்ரோல் எங்க போட்டான்?"

"பொணம் தொரத்திக்கிட்டு வருது, பெட்ரோலா முக்கியம்?" என்பார் அவர் மனைவி ஆரோக்கியம் அத்தை.

"பெட்ரோல் இல்லன்னா பொணம் புடிச்சிரும்ல?"

வீட்டில் எல்லாரும் அவருக்குத் தெரியாமல் படம் பார்க்கப் பழகிக்கொண்டோம்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மகன் ஆன்டோ. கூடப் படித்தவன்களெல்லாம் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போக, இவன் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனான். அங்கே ஒரு கம்பெனியில், வெளிநாட்டுப் படங்களுக்குக் கம்ப்யூட்டரில் வேலை. என்ன வேலை என்று மாமா கேட்டார்.

"பொணமா நடிக்கிறவங்களக் கயிறு கட்டித்தாம்பா தூக்கிப் போடுவாங்க. அந்தக் கயித்த அழிக்கிறதுதான் என் வேலை."

"அப்ப நீ செஞ்சது படத்துல தெரியாது?"

"தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாங்கப்பா."

"அதெப்படிடா? கண்ணுக்கே தெரியாத வேலைக்கு எவன் சம்பளம் குடுப்பான்?"

ஆன்டோ அன்று ராத்திரியே சென்னைக்கு ரயில் ஏறினான். இரண்டு வருஷம் ஊருக்கே வரவில்லை. கடைத்தெருவில் யாராவது விசாரித்தால் மாமா, "கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் சைக்கிள் ஏறிவிடுவார்.

பிறகு ஒரு நாள் ஆன்டோ போன் செய்தான். பதினாலு மாசம் கயிறு அழித்த படம் மன்னார்குடிக்கே வருகிறது. படம் முடிந்ததும் வரிசையாகப் பேர் ஓடும். அதில் அவன் பேரும் உண்டு. "அப்பாவ அழைச்சிட்டு வாங்கம்மா. அவர் படத்தப் பத்தி ஒண்ணும் சொல்ல வேணாம். கடைசி வரைக்கும் உக்காந்து என் பேர மட்டும் பாத்தாப் போதும்." அவன் வேலை பார்த்ததற்கு உலகத்தில் வேறு சாட்சியே கிடையாது.

சனிக்கிழமை ஆன்டோவும் வந்து சேர, எல்லாருமாக மேட்னி ஷோவுக்குப் போனோம். அத்தை கைப்பையில் இருபது கமர்கட்டு வைத்திருந்தார். திரையில் முதல் பிணம் எழுந்தது. மாமாவின் உதடு பிரிந்தது. "அதெப்..." அவ்வளவுதான், ஒரு கமர்கட்டு உள்ளே போனது. கதாநாயகன் ஆஸ்பத்திரியில் புகுந்தான், அங்கே லைட் எரிந்தது, இன்னொரு கமர்கட்டு. வண்டியைக் கிளப்பினான், ஒரே நேரத்தில் இரண்டு. கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி, முப்பது வருஷத்து வெள்ளத்தையும் ஒற்றை ஷட்டரில் தாங்கும் மதகு மாதிரி உட்கார்ந்திருந்தார் மனிதர். ஆன்டோ படத்தைப் பார்க்கவேயில்லை. அப்பாவின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசிப் பிணமும் விழுந்தது. சூரியன் உதித்தது. திரையில் முதல் பேர் எழும்பியது. உடனே விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து, படத்தை நிறுத்திவிட்டார்கள்.

நம் ஊர்த் தியேட்டர்களில் அதுதானே வழக்கம்? பேர் ஓடும்போது எவன் உட்கார்ந்திருக்கிறான்? ஜனம் எழுந்து செருப்பைத் தேடியது. ஓர் அம்மாள் துடைப்பத்தோடு உள்ளே வந்துவிட்டார்.

ஆன்டோ தரையைப் பார்த்துச் சிரித்தான். "பரவால்லப்பா. வாங்க, போவலாம்."

மாமா வாயிலிருந்ததைக் கைக்குட்டையில் துப்பினார். மாடிப்படியை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஆபரேட்டர் நாகநாதன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். "மேல வரக் கூடாதுங்க."

"படத்த ஏன் நிறுத்துனீங்க?"

"முடிஞ்சிருச்சுங்களே."

"அதெப்படி முடியும்? சுருள்ல இன்னும் நாலு விரக்கடை ஃபிலிம் கெடக்கு."

"அது பேருங்க. இருவது வருசமா ஓட்டுறேன், ஒரு ஆள் உக்காந்து பாத்ததில்ல."

"நீங்க ஓட்டவே இல்லியே. அப்புறம் எப்படிப் பாப்பாங்க?"

நாகநாதன் பீடியை வாயிலிருந்து எடுத்தார். இருபது வருஷத்தில் அவருக்கே தோன்றாத ஓட்டை. அப்புறம் விளக்கை அணைத்து, மெஷினைப் போட்டார்.

நாங்கள் கீழே ஓடிவந்து உட்கார, காலித் தியேட்டரில் பேர் ஓடியது. சமைத்தவன் பேர், தச்சன் பேர், நாய்க்குப் பழக்கம் சொல்லிக்கொடுத்தவன் பேர். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அந்த அம்மாளும் பார்த்தார். ஏழாவது நிமிஷம், திரையின் இடது ஓரத்தில், கீழேயிருந்து மூன்றாவது வரியில் ஆன்டோவின் பேர் வந்தது. ஒரு கண்சிமிட்டல், மேலே போய்விட்டது. "எங்க? எங்க?" என்று அத்தை கண்ணாடியைத் தேடினார். அந்த ஒரு கண்சிமிட்டலில் மாமாவின் கண் நிரம்பி, இடது கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கி மீசையில் நின்றது.

விளக்கு வந்தது. மாமா மகனின் தோளில் கை வைத்தார்.

"எத்தன நூறு பேருடா! இத்தன பேர்ல ஒருத்தனுக்குக் கூடவா பெட்ரோல் ஞாபகம் வரல? நீயாவது கேட்டிருக்கலாம்ல?"

ஆன்டோ சிரித்த சிரிப்பில் அந்த அம்மாளுக்குத் துடைப்பம் நழுவியது.

ஆகவே, அதெப்படிக்காரர்களைக் கண்டால் ஓடாதீர்கள். ஓடவும் முடியாது. ஏனென்றால் இதைப் படிக்கும்போதே, 'அதெப்படி, அவ்வளவு கமர்கட்டு தின்றவர் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கவில்லை?' என்று ஒரு நொடி நீங்கள் நின்றிருந்தால், சங்கதி கைமீறிவிட்டது. உங்கள் வீட்டில் இருப்பவர்கள் இப்போதே உங்களுக்குத் தெரியாமல்தான் படம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இது வரைக்கும் எழுதி மாமாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார். கோபம் இல்லை. மதகுக் கரையில் குனிவது போல லேசாகக் குனிந்தார்.

"எல்லாஞ் சரிதாண்டா. பேரு கண்ணச் சிமிட்டுற நேரந்தான் நின்னுச்சுன்னு எழுதியிருக்க. அந்த நேரத்துல என் கன்னத்துல தண்ணி எறங்குனத நீ பாத்திருக்க. அப்ப மூணாவது வரின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ஆன்டோ சொல்லித்தான் தெரியும். நான் திரையைப் பார்க்கவில்லை.