மணலைப் பார்த்தவளும் மன்னரைப் பார்த்தவரும்

நேரில் பார்த்தவர் என்றொரு மனித இனம் உண்டு. உலகமெங்கும் பரவியிருந்தாலும் அது கூட்டங்கூட்டமாகக் கிடைப்பது எங்கள் பட்டாயா கடற்கரையில்தான். அறுபத்தேழாம் ஆண்டு டிசம்பரில், தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியின் பாய்மரப் படகுப் பந்தயம் இங்கே நடந்தது. எங்கள் மன்னரே படகோட்டி, மகளும் தாமும் சமப் புள்ளிகள் பெற்று, இருவருமே தங்கம் வென்றார்கள். அன்று கரையில் எத்தனை பேர் இருந்தார்களோ தெரியாது. இருந்ததாக இன்று சொல்பவர்கள் அத்தனை பேரும் இருந்திருந்தால், கடல் கொஞ்சம் தள்ளிப் போயிருக்க வேண்டும்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது எளிது. வெயில் அதிகம் என்று சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு அடித்த வெயிலைப் பற்றிச் சொல்வார். வயிற்றுவலி என்றாலும் எப்படியோ அந்தப் படகுக்கு வந்து சேர்வார். ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தவின் அண்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வருடங்களுக்கு முன்பு அவர் சொன்ன கதையில், தூரத்தில் ஒரு படகுப் பாயை மட்டும்தான் பார்த்திருந்தார். பிறகு பாய் கிட்டே வந்தது, அப்புறம் படகின் கயிறு கைக்கு வந்தது, மன்னரின் நெற்றி வியர்வை தெரிந்தது, போன வருடமோ, காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று மன்னருக்குச் சொன்னதே இவர்தான் என்றாகிவிட்டது. யார் மறுப்பது?

டிசம்பர் பதினாறு எங்களுக்கு விளையாட்டு நாள். எங்கள் படகுச் சங்கம் அன்று பிள்ளைகளுக்குப் பந்தயம் வைக்கும். மேடைக்கு எதிரே சரிகை விரிப்புப் போட்ட சோபா, மூடிபோட்ட தண்ணீர்க் குவளை. நேரில் பார்த்தவர் அதில் அமர்ந்து, பிறகு கோப்பை கொடுப்பார். பத்து வருடமாகத் தவின் அண்ணன்தான். இந்த வருடம் ஜெயித்தது அவருடைய பேத்தி மின்த்ரா. தாத்தா கையால் வாங்க வேண்டுமென்று அவள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

சங்கத் தலைவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கணவாய் மீன் சுட்டு விற்கும் லம்துவன் அக்காவும் அன்று கரையில் இருந்தவராம், முந்தின நாள்தான் தெரிந்ததாம். கூப்பிட்டு ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்து, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்.

"என்னத்தக் கண்டேன்? மன்னர் வர்றாருன்னதும் எல்லாரும் மண்ணுல உக்காந்து தலையக் குனிஞ்சுட்டோம். குனிஞ்ச தலைய எவ நிமித்துவா? மணலப் பாத்தேன். ஒரு நண்டு போச்சு, அதப் பாத்தேன்."

அரச ஊர்வலம் போகும்போது நாங்கள் எல்லோரும் அப்படித்தானே உட்காருகிறோம்? அப்படியானால் நெற்றி வியர்வை எப்படித் தெரிந்தது? அத்தனை தலைகளும் சோபாவின் பக்கம் திரும்பின. மின்த்ரா ஈரத் தலையோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேறு யாராக இருந்தாலும் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார். தவின் அண்ணன் தண்ணீர் குடித்து, குவளையை மூடிவைத்தார்.

"அந்த நண்டுக்கு ஒரு கொடுக்கு இல்ல. சரிதானேக்கா?"

அக்கா அவரைப் பார்த்தார். பேத்தியைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வருடம் ஒரு பொய்யும் கலக்காமல் வைத்திருந்த நண்டு அது.

"ஆமாய்யா. ஒத்தக் கொடுக்குதான்," என்றார்.

இருவரும் சேர்ந்தே கோப்பையைக் கொடுத்தார்கள்.

இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் என் கண்ணாலேயே பார்த்தேன். அந்த நேரத்தில் நான் பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து படுத்திருந்ததாக என் மனைவி சொல்வாள். அதை விடுங்கள். நாளைக்கு நீங்கள் இந்தக் கதையை யாரிடமாவது சொல்வீர்கள் அல்லவா? எந்த வரிசையில் உட்கார்ந்திருந்ததாகச் சொல்லப்போகிறீர்கள்?