ரிவர்ஸ் இல்லாத படகுக் கார்

நான் ஒரே ஒரு முறைதான் சாமியின் வழியை மறித்திருக்கிறேன். அதுவும் ஒரு பெரிய அமெரிக்கக் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, நாதஸ்வரக்காரர்கள் உள்பட நூறு பேர் பார்க்க மறித்தேன். மற்றபடி பக்தியுள்ள பெண்தான். (எந்தக் கோயில் சாமி என்று சொல்ல மாட்டேன். அவர் மறந்திருந்தால் நான் எதற்கு ஞாபகப்படுத்த வேண்டும்?)

அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ இருக்கும். எனக்கு இருபது வயது. கணக்கில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, உலகத்தில் இனிமேல் கற்க எதுவும் பாக்கியில்லை என்ற நினைப்போடு காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பா வக்கீல். ஜமீன் குடும்பத்துக் கட்சிக்காரர் ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது அப்பாவிடம் விற்றுவிட்டுப் போனதுதான் அந்தக் கார். ஊரில் அதைப் படகுக் கார் என்பார்கள். பின் சீட்டில் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். ஜன்னலுக்கு வெல்வெட் திரை, காலடியில் கம்பளம், முன்னால் ஒரு கடிகாரம். அது வீதியில் வந்தால் சைக்கிள்காரர்கள் இறங்கி ஓரமாக நிற்பார்கள். மரியாதைக்கு இல்லை, வேறு இடம் இருக்காது.

வயதாக ஆக அதற்கு ஒவ்வொரு வியாதியாக வந்தது. கடைசியில் ரிவர்ஸ் கியர் போய்விட்டது. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, “பல்லு தேஞ்சிடுச்சி சார். இந்தப் பல்லு இங்க எங்கயும் கெடைக்காது” என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு எட்டு மாதம் நாங்கள் முன்னால் மட்டுமே போய்க்கொண்டிருந்தோம். நல்ல வேளையாக எங்கள் வீட்டுக்கு முன் தெருவில் ஒரு கேட், பின் தெருவில் ஒரு கேட். ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியே வருவோம். மாகறல் சிவன் கோயிலுக்குப் போனால் வண்டியைத் திருப்புவதற்காகக் கோயிலையே ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். வக்கீல் ஐயா குடும்பம் காரிலேயே பிரதட்சிணம் செய்கிறது என்று அந்த ஊர்க்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அந்த எட்டு மாதத்தில்தான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சொல்லிக் கொடுத்தவர் எங்கள் டிரைவர் முனுசாமி. இடம், பாலாற்றங்கரை மைதானம். என் உயரத்துக்கும் அந்த வண்டிக்கும் ஒத்துவரவில்லை. அப்பாவின் சட்டப் புத்தகங்கள் இரண்டை அடுக்கி மேலே உட்கார்ந்தால் ரோடு தெரியும், பெடல் எட்டாது. புத்தகத்தை எடுத்துவிட்டால் பெடல் எட்டும், ரோடு தெரியாது. எதையும் பார்க்காமல் ஓட்டி, முனுசாமி சொல்லச் சொல்லத் திருப்புவேன். இதற்குப் பெயர் கார் ஓட்டுவது என்று நான் நம்பினேன். தெருவில் ஓட்ட அப்பா விடவில்லை. எனக்கோ தெருவில் ஓட்ட வேண்டும். கடைத்தெரு வழியாக, எல்லோரும் பார்க்க, நானே ஓட்ட வேண்டும். அந்த வயதில் எனக்கு அதைத் தவிர வேறு ஆசையே கிடையாது.

இதற்குள் அப்பாவுக்கு வண்டி மேல் வெறுப்பு வந்துவிட்டது. வாங்க ஆள் வரவில்லை. ஒரு நாள் சலித்துப்போய், “இத்த நீ வித்துக் குடு. அடுத்த வண்டிய நீயே பாத்து எடு. விக்கலன்னா குதிரை வண்டிதான், ஆமா” என்றார். அப்பா வாய் தவறிச் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். நான் பிடித்துக்கொண்டேன். சின்ன வண்டியாக எடுத்தால் கால் எட்டும், ரோடும் தெரியும். இந்தப் படகு போனால்தான் எனக்கு விமோசனம்.

வாலாஜாபாத்திலிருந்து ஏகாம்பரம் என்பவர் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். ரிவர்ஸ் இல்லாததை எப்படிச் சொல்வது என்று அப்பாவைக் கேட்டேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கேட்டா பொய் சொல்லாத. கேக்கலன்னா நீயா போய் சாட்சி சொல்லாத” என்றார். சொல்லிவிட்டு, அவர் வரும் நேரத்துக்குக் கட்சிக்காரரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். (யாராவது தன்னைக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.)

நான் கிராஃப் தாளில் வழி போட்டேன். முன் கேட்டில் புறப்பட்டு, நான்கு ராஜ வீதிகளையும் சுற்றி, பின் கேட் வழியாக உள்ளே வர வேண்டும். எந்த இடத்திலும் பின்னால் எடுக்க வேண்டிய தேவையே இல்லை. முனுசாமி தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்குது பாப்பா” என்றார். அதில் எல்லா முனையும் இருந்தது, எல்லா வளைவும் இருந்தது. பஞ்சாங்கத்தைப் பார்க்க மட்டும் கணக்குப் பட்டதாரிக்குத் தோன்றவில்லை.

ஏகாம்பரம் காலை ஏழரைக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, வெற்றிலை போட்ட வாய். பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேராகப் பின் சீட்டில் ஏறி நடுவில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் கையை நீட்டிப் பார்த்தார். அண்ணாந்து கூரையை விரலால் தட்டினார். “மேல இது தகடுதானம்மா?” என்றார். தகடுதான் என்றேன். “ரொம்ப மெதுவா போனா நின்னுடுமா?”

வண்டி வாங்க வருகிறவர்கள் எவ்வளவு வேகம் போகும் என்றுதான் கேட்பார்கள். இவருக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை, நம் காரியம் சுலபம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். “நடந்து போற வேகத்துல கூட போவும்” என்று முனுசாமி முந்திக்கொண்டு சொன்னார். சரி, ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். முனுசாமி ஓட்ட, நான் முன்னால், ஏகாம்பரம் பின்னால்.

இரண்டு வீதி அருமையாகப் போயிற்று. மூன்றாவது வீதியில் எதிரே குடை தெரிந்தது. அப்புறம் மேளச் சத்தம். சாமி புறப்பாடு. சாமிக்கு நேர் எதிரே வண்டி ஓட்ட முனுசாமிக்குப் பயம். என்னையும் கேட்கவில்லை, கிராஃப் தாளையும் கேட்கவில்லை. சட்டென்று பக்கத்துத் தெருவுக்குள் ஒடித்துவிட்டார்.

அது நெசவாளர் தெரு. காலை வெயிலுக்குத் தெரு நீளத்துக்கும் பட்டுச் சேலைக்கான பாவு நூலை விரித்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவிட்டிருந்தார்கள். அரக்குச் சிவப்பு. யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ. பாவு கட்டியிருந்தால் அந்தத் தெருவில் நாய்கூட நடுவில் நடக்காது. முனுசாமி பிரேக்கை மிதித்தார். பாவுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

“பின்னால எடுப்பா, பின்னால எடு” என்று பாவுக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் கையை ஆட்டினார். முனுசாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அது நான் பிறப்பதற்கு முன்பே நின்றுபோனது.

சற்று நேரம் நின்றால் பாவைச் சுருட்டிவிடுவார்கள், முன்னாலேயே போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தச் சமயம் பார்த்து மேளச் சத்தம் நெருங்கியது. திரும்பிப் பார்த்தால் பல்லக்கு தெருமுனையில் நிற்கிறது. அந்தத் தெருவின் முதல் வீட்டில் சாமிக்கு அன்றைக்கு மண்டகப்படி. வாசலில் கோலம் போட்டு, தட்டில் பழம் தேங்காய் எல்லாம் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர்கள் காத்திருக்கிறார்கள். சாமி வந்து நிற்க வேண்டிய அதே கோலத்தின் மேல் எங்கள் வண்டியின் வால் நிற்கிறது.

தெருவே கூடிவிட்டது. நான் இறங்கினேன்.

“ரிவர்ஸ் போடுப்பா” என்றார் ஏகாம்பரம், உள்ளிருந்து, வெற்றிலையை மென்றுகொண்டே. அது கட்டளைதானே, கேள்வி இல்லையே. அப்பாவின் சட்டப்படி நான் பதில் சொல்லத் தேவையில்லை. ஆனால் தெருப் பெரியவர் விடுவதாக இல்லை. “இன்னாம்மா நின்னுக்கினே இருக்கற. சாமி காத்துக்கினு இருக்குது பாரு” என்றார்.

என் வாயில் அப்போது வந்ததை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. “எப்படிங்க பின்னால எடுக்கறது? சாமிக்கு வண்டியோட பின்பக்கத்தக் காட்டிக்கினு வரலாமா? பாவம் இல்லையா?” என்றேன்.

பெரியவர் வண்டியைப் பார்த்தார். சாமியைப் பார்த்தார். “இப்ப மட்டும் எந்தப் பக்கத்தக் காட்டிக்கினு நிக்குதாம்?” என்றார்.

தெரு சிரித்தது. குடை பிடித்தவர் சிரித்ததில் குடை ஆடியது. நான் கோலத்தைப் பார்த்தபடி நின்றேன். பூமி பிளந்தால் போய்விடலாம், அதிலும் பின்னால் போகிற பிரச்சினை இருக்காது.

கடைசியில் சாமி தூக்குகிறவர்களே தீர்ப்பு சொன்னார்கள். பல்லக்கை ஓரமாகத் தாங்கு கட்டையில் நிறுத்திவிட்டு எட்டுப் பேர் வந்து வண்டியின் மூக்கில் கை வைத்தார்கள். “கோவிந்தா” என்று ஒரே குரல். வண்டி கிறீச்சென்று பின்னால் நகர்ந்தது. ஏகாம்பரம் இறங்கவே இல்லை. பின் சீட்டில் நடுவில் அமர்ந்து, இரண்டு பக்கமும் கையை நீட்டி, தெருவையே பார்த்துச் சிரித்தபடி ஊர்வலம் வந்தார். தவில்காரர் குறும்புக்குக் கெட்டிமேளம் கொட்டினார். ஒரு வீட்டு வாசலிலிருந்து அட்சதை வேறு விழுந்தது. நான் அழுதுகொண்டே பக்கத்தில் நடந்து வந்தேன்.

ராஜ வீதியில் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு அவர்கள் சாமியிடம் போனார்கள். ஏகாம்பரம் கதவைத் திறந்து வெற்றிலையைத் துப்பினார். அப்புறம் நிதானமாகக் கேட்டார்.

“ஏம்மா, இதுல ரிவர்ஸ் இல்லியா?”

கேட்டுவிட்டார். “இல்லீங்க. எட்டு மாசமா இல்ல” என்றேன். மூக்கை உறிஞ்சினேன். புதுக் கார், கடைத்தெரு, எல்லாம் போயிற்று. குதிரை வண்டியின் வைக்கோல் வாசனைகூட வந்துவிட்டது.

“அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?” என்றார். “நான் கல்யாணத்துக்குப் பந்தல், பாத்திரம் வாடகைக்கு வுடறவன். மாப்ள அழைப்புக்கு ஒரு வண்டி வச்சிருந்தேன். போன மாசம் டிரைவர் பய, மாப்ளய ஏத்திக்கினு பத்தடி பின்னால வந்துட்டான். பொண்ணு வீட்டுக்காரங்க அபசகுனம்னு சண்டைக்கு வந்துட்டாங்க. பாதி கல்யாணத்துல என் பந்தலப் பிரிக்கச் சொல்லிட்டாங்கம்மா. இனிமே எவன் ஓட்டினாலும் பின்னால வரக்கூடாது. இது வரணும்னு நெனச்சாலும் வராது இல்ல?”

“எட்டு ஆள் தள்ளினாத்தான் வரும்” என்றார் முனுசாமி.

மேல் தகட்டை அறுத்து எடுத்துவிட்டு, பின்னால் ஒரு நாற்காலி, சுற்றி சீரியல் விளக்கு என்று அவர் அங்கேயே நின்று திட்டம் சொன்னார். அப்பா சொன்ன விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. இன்னொன்றும் கேட்டார். இந்த வண்டியை எட்டு மாதம் முன்பக்கமாக மட்டுமே ஓட்டிப் பழகிய ஆள் வேறு எங்கே கிடைப்பார்? முனுசாமியையும் தன்னிடம் வேலைக்கு விடச் சொன்னார். சம்பளம் கூட, தினம் கல்யாணச் சாப்பாடு. முனுசாமி என் முகத்தைப் பார்க்காமலேயே சரி என்றுவிட்டார்.

வீட்டுக்கு நாங்கள் வருவதற்குள் சேதி வந்துவிட்டது. அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். “சாமிய நிறுத்திட்டியாமே” என்றார். “வண்டிய வித்துட்டேன், சொன்ன விலைக்கு” என்றேன். அப்பா திட்டுவதற்காக ஓங்கிய விரலால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கோர்ட்டில் அவரை அப்படி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் நானும் முனுசாமியும் சென்னைக்குப் போய் ஒரு பழைய கார் வியாபாரியிடம் வண்டி பார்த்தோம். முனுசாமிக்கு அதுதான் எங்களிடம் கடைசி வேலை. வண்டியை ஓட்டி வந்து சேர்ப்பதற்காக அப்பா அனுப்பியிருந்தார். கறுப்பில் ஒன்று, கம்பீரமாக, அப்பாவுக்கென்றே செய்தது. அதற்குப் பின்னால் பச்சையில் ஒன்று, இரண்டே கதவு, பொடிசு. நான் பச்சையில் ஏறி உட்கார்ந்தேன். கால் எட்டியது. ரோடும் தெரிந்தது. எழுந்திருக்க மனமே வரவில்லை.

“நீங்க உக்காந்து பாருங்கண்ணே” என்றேன். ஆறடி மனிதர், மடங்கி மடங்கி உள்ளே போனார். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு மேலே வந்துவிட்டன. திருப்பினால் கால்தான் திரும்பும். அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

“நம்பளால இத்த ஓட்ட முடியாதே பாப்பா” என்றார் மெல்ல. “ஐயாவுக்கு நானே சொல்லிக்கறேன். நீயே எடுத்துக்கினு போ.”

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வரை நான் ஓட்டினேன். லாரிக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பின் சீட்டில் முனுசாமி எனக்கு வழி சொன்னார், நடுவில் முருகனையும் கூப்பிட்டார். ஊருக்குள் வந்ததும் நேர் வழியை விட்டுவிட்டுக் கடைத்தெருவை இரண்டு சுற்று வந்தேன். வீட்டு வாசலில் அப்பா பார்த்துக்கொண்டே இருக்க, டிரைவர் சீட்டிலிருந்து நான் இறங்கினேன். பின்னாலிருந்து முனுசாமி தவணை தவணையாக வெளியே வந்தார். அப்பா ஒரு நிமிடம் அவர் முழங்காலைப் பார்த்தார், ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். வழக்கு தோற்றது அவருக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் கோர்ட்டுக்கு என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதை வாங்கப் போனாலும், அது பீரோவானாலும் செருப்பானாலும், “முனுசாமிய உக்கார வச்சுப் பாத்தாச்சா?” என்றுதான் கேட்பார்கள். முனுசாமியைப் பார்த்தே இராத பேரப்பிள்ளைகள்கூட அப்படித்தான் கேட்கிறார்கள்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர் ஐந்தடி மூன்று அங்குலம். அப்பா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே வந்து என் காதில் சொன்னார்: “ஆளு நல்ல ஆளுதான். ஆனா உன் பச்ச வண்டியில இவருக்கு முட்டி இடிக்காது போலருக்குதே, ஸ்டியரிங்கக் கேட்டுடுவாரு. யோசிச்சுக்கோ.”

யோசித்துத்தான் சரி என்றேன். கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் கணவருக்கு இன்றுவரை கார் ஓட்டத் தெரியாது.