என் கழுத்தில் ஒரு எள்ளு

எங்கள் வீட்டில் நான் சொல்லக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டு. "எனக்கு எல்லாம் தெரியும்" என்பதுதான் அது. வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் என் கணவர் தட்டிலிருந்து நிமிர்ந்து, "ஆமா, எல்லாம் தெரியும், எல்லு மட்டும் தெரியாது" என்பார். புகுந்த வீட்டுப் பட்டாளம் மொத்தமும் சிரிக்கும். விருந்தாளி யாராவது புரியாமல் விழித்தால் அவருக்காகக் கதை முதலிலிருந்து சொல்லப்படும். சொல்லிச் சொல்லி அது ஏகத்துக்கு ஊதிவிட்டது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். மானம் போவதுதான் போகிறது, என் வாயாலேயே போகட்டும்.

நான் போடிநாயக்கனூரில் பிறந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வாக்கப்பட்டவள். கணவர் செந்தில் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். தோப்பும்படியில் மீன்பிடிப் படகுகளின் இன்ஜின் பார்க்கும் பட்டறையில் வேலை. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், மலையாளப் பத்திரிகையைக் கடகடவென்று முடிப்பார். நானோ வந்த கொஞ்ச நாளிலேயே எனக்கு மலையாளம் வந்துவிட்டதாக அறிவித்துவிட்டேன். (யாரும் கேட்கவில்லை.) என் முறை சுலபமானது. தமிழைக் கொஞ்சம் மூக்கில் ஏற்றி, கடைசியில் ஒரு "கேட்டோ" சேர்த்தால் மலையாளம். மீன்காரச் சேட்டனிடம் அது அருமையாகச் செல்லுபடியானது. அவருக்கு நல்லாத் தமிழ் தெரியும் என்பது பிறகுதான் தெரிந்தது.

கொச்சங்காடியில் ஒரு பியூட்டி பார்லரில் எனக்கு வேலை. புருவம் திருத்துவதில் நான் கெட்டிக்காரி. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கியபடி செய்கிற வேலை அது. அந்த வலது கைதான் ஒருநாள் மக்கர் பண்ண ஆரம்பித்தது. தூக்கினால் கனக்கும். கொஞ்ச நேரத்தில் சுண்டுவிரலிலிருந்து எறும்பு ஊறும். பிறகு கை என்னுடையதே இல்லை என்பதுபோல ஜில்லிட்டு, வெளுத்துப்போய்விடும். கீழே தொங்கவிட்டால் சரியாகிவிடும்.

இந்தக் கடைசி விஷயம்தான் என் தலையெழுத்து. பார்த்த டாக்டர்கள் எல்லோரும் "கையை மேஜைமேல் வை" என்றே சொன்னார்கள். மேஜைமேல் வைத்த கை சமர்த்தாக இருந்தது. ஒருவர் சத்து மாத்திரை கொடுத்தார். ஒருவர் மணிக்கட்டுக்குப் பட்டை போட்டார். இன்னொருவர் கழுத்துப் பட்டை போட்டார், அதை மாட்டிக்கொண்டு மீன் வாங்கப்போனால் மீனைக் குனிந்து பார்க்க முடியவில்லை. கடைசியாகப் பார்த்தவர் "டென்ஷனா, மோளே" (எல்லாம் டென்ஷன்தான், மகளே) என்று சிரித்தார். வீட்டில் துணி காயப்போடச் சொன்னால் கை வலிக்கிறது என்பேன், போன் பேசச் சொன்னால் வலிக்காது (இடது கையில் பிடிப்பேனே!). வேலைக்கள்ளி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் செந்தில், "சும்மா மனசப் போட்டுக் குழப்பண்டா, எல்லாம் சரியாகும்" என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். அதுதான் கையைவிட அதிகமாக வலித்தது.

அப்புறம் அந்தப் புருவம்.

பார்லருக்கு வழக்கமாக வருகிற சேச்சி ஒருவர், எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபி கொடுப்பவர், மறுநாள் கல்யாணத்துக்குப் போவதற்காக வந்து உட்கார்ந்தார். இடது புருவம் வில்லாக வந்தது. வலது புருவத்தில் பாதி போகும்போது என் கை செத்துவிட்டது. நூல் இழுத்த இழுப்புக்குப் போயிற்று. கண்ணாடியில் அவரும் நானும் ஒரே நேரத்தில் பார்த்தோம். வலது புருவத்தில் வால் இல்லை! அவர் போட்ட சத்தத்துக்குத் தெருவில் சைக்கிள் ஒன்று நின்றது. ஆனால் திட்டிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தார். "ஈ கை எந்தா இங்ஙனே வெளுத்திருக்குன்னே?" என்றார். (இந்தக் கை ஏன் இப்படி வெளுத்திருக்கிறது?) கையைத் தூக்கச் சொன்னார், இறக்கச் சொன்னார். பிறகு ஒன்றரைப் புருவத்தோடு உட்கார்ந்து, தன் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவருக்கு போன் போட்டார். என்னை முதன்முதலில் நம்பியவர் அவர்தான்.

"நான் லீவ் எடுத்து வரேன். நீ தனியாப் போவண்டா" என்றார் செந்தில்.

"எதுக்கு? எனக்கு மலையாளம் தெரியாதா? எனக்கு எல்லாம் தெரியும்" என்றேன். (அந்த வாக்கியம்!) போடியிலிருந்து வந்திருந்த அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அம்மாவுக்குக் கடைப்பலகைகளை மொழிபெயர்த்துக்கொண்டே போனேன். எழுத்து தெரியாதுதான், படத்தைப் பார்த்துச் சொன்னேன்.

வரவேற்பில் நர்ஸ் என்ன தொந்தரவு என்று கேட்டார். கை மரத்துப்போகிறது என்பதை மூக்கில் ஏற்றி, "கை மரிச்சு போயி, கேட்டோ" என்றேன்.

"ஐயோ! ஆரா மரிச்சே?" என்று எழுந்தே நின்றுவிட்டார். (மரிச்சு என்றால் செத்துப்போச்சு.)

"என்டே கை" என்றேன் பெருமையாக. அவர் என் கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். "என்னாடி, செத்துப்போச்சுங்கிற மாதிரி கேக்குது?" என்றார் அம்மா. "உனக்குப் புரியாதும்மா" என்று அடக்கினேன்.

டாக்டர் வயதானவர், நிதானமானவர். முதல்முறையாக ஒரு டாக்டர் என் கையை மேஜைமேல் வைக்கச் சொல்லவில்லை. தூக்கச் சொன்னார். தலையைத் திருப்பச் சொல்லிவிட்டு மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "கண்டோ? பல்ஸ் இல்லா!" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம், லாட்டரி விழுந்தவர்போல.

இது அம்மாவுக்கே புரிந்துவிட்டது. "அடி ஆத்தி! நாடி இல்லையா? எம்புள்ள உக்காந்து பேசிக்கிட்டுல்ல இருக்கா!" என்று அலறினார். டாக்டர் என் கையை இறக்கி, நாடி திரும்பிவிட்டதை அம்மாவின் விரலாலேயே தொட்டுக் காட்ட வேண்டியதாயிற்று.

எக்ஸ்ரே எடுத்து வந்தோம். டாக்டர் அதை வெளிச்சத்தில் மாட்டி, கழுத்தடியில் ஏதோ ஒரு சின்ன வெள்ளையைத் தொட்டார். "மோளே, கழுத்தில் ஒரு எல்லு கூடுதலுண்டு."

"எள்ளோ?" என்றேன்.

"அதே, எல்லு."

பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழ் ஐயா ல-வுக்கும் ள-வுக்கும் வித்தியாசம் சொல்லித்தந்து தலையில் அடித்துக்கொண்டது வீண். என் நாக்குக்கு இரண்டும் ஒன்று, காதுக்கும் அப்படியே. தெரியவில்லை என்று சொல்ல வாய் வருமா? "எத்ர நாளாயிட்டு?" என்று ஸ்டைலாகக் கேட்டேன்.

"ஜன்மனா உள்ளதா." அதாவது, பிறந்ததிலிருந்தே.

அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "என்னாடி இவரு? செத்துப்போச்சுங்கிறாக, நாடி இல்லைங்கிறாக, இப்ப எள்ளுங்கிறாரு. உசுரோட இருக்குற புள்ளைக்கு எள்ளும் தண்ணியும் எறைக்கச் சொல்றாரா?"

"அய்யோ அம்மா, அதெல்லாம் இல்ல. என் கழுத்துக்குள்ள ஒரு எள்ளு மாட்டிக்கிட்டு இருக்காம். பொறந்ததுலேருந்தே இருக்காம்" என்று தெளிவாக மொழிபெயர்த்தேன்.

அம்மா சிரிப்பார், அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். முகம் வெளுத்து, நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தாண்டி பண்ணேன். உன்னைய வயித்துல வச்சிருக்கையில எள்ளுப் பக்கமே போகாதன்னு எல்லாரும் சொன்னாக. நாக்கு கேக்கலடி. அடுப்படிக் கதவுக்குப் பின்னாடி நின்னு எள்ளுருண்டை தின்னேன். ஒண்ணு ரெண்டு இல்ல, டப்பா டப்பாவா! அதுல ஒரு எள்ளு உன் கழுத்துல போயி ஒக்காந்துருச்சே!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேவலம் என்னவென்றால், நான் அதை நம்பினேன். வயிற்றில் இருந்த குழந்தையின் கழுத்துக்கு எள்ளு எந்த வழியாகப் போகும் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எக்ஸ்ரேயில் அந்த வெள்ளைப் புள்ளி எனக்கு எள்ளாகவே தெரிந்தது, அதுவும் தோல் நீக்கிய வெள்ளை எள்ளு. அம்மாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. "அப்படி என்னம்மா உனக்கு நாக்கு?" என்று டாக்டர் முன்னாலேயே கத்தினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஒன்றும் புரியாத டாக்டர், பதறிப்போய் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்து ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார்.

"பேடிக்கண்டா. எடுத்துக் களயாம்" என்று எனக்கும் ஆறுதல் சொன்னார். பயப்படாதே, எடுத்துப் போட்டுவிடலாம்.

"ஓப்பரேஷனோ? ஒரு எள்ளினோ?"

"செறிய எல்லாணு. பக்ஷே, ரக்தக்குழல் அமர்த்துன்னுண்டு." சின்னதுதான், ஆனால் ரத்தக்குழாயை நசுக்குகிறது.

வெளியே வந்து செந்திலுக்கு போன் போட்டேன். "என் கழுத்துல எள்ளு இருக்காம். அறுத்து எடுக்கணுமாம். எல்லாம் எங்கம்மாவால!" அந்தப் பக்கம் இன்ஜினை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "நீ அங்கேயே இரி, நான் வரேன்" என்றார்.

கிரீஸ் கையோடு வந்தார். டாக்டர் அறைக்குள் போனவர் வெகுநேரம் கழித்து வெளியே வந்து, பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

"எள்ளு இல்லடி. எல்லு. மலையாளத்துல எல்லுன்னா எலும்பு. உனக்குக் கழுத்துல ஒரு எலும்பு அதிகம்."

நானும் அம்மாவும் வாயைப் பிளந்தோம். அவர் சிரிக்க ஆரம்பித்தார். பெஞ்சு குலுங்கியது. டப்பா டப்பாவாக என்று அம்மா மூக்கை உறிஞ்சியபடி மறுபடி சொன்னதும், சுவரில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. எனக்கு வந்த வெட்கத்துக்கு அந்த மொசைக் தரை பிளந்திருக்கலாம்.

திடீரென்று சிரிப்பு நின்றது. என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்னு பேராம். கையத் தூக்கினா அந்த எலும்பு நரம்பையும் ரத்தக்குழாயையும் சேர்த்து நசுக்குதாம். இப்பிடியே விட்டிருந்தா கையே போயிருக்கலாமாம்" என்றார். "நீ சும்மா சொல்றேன்னு நெனச்சேன்டி. நான் உன்னை நம்பலை."

அப்போது அழுதேன் பாருங்கள், அம்மா அழுததெல்லாம் ஒன்றுமேயில்லை. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். நான் பொய் சொல்லவில்லை! டென்ஷன் இல்லை, வேலைக்கள்ளம் இல்லை, நிஜமாகவே எனக்குள் ஒரு எலும்பு இருக்கிறது. எக்ஸ்ரேயை யாரும் கேட்காமலே பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கெல்லாம் எடுத்துக் காட்டிக்கொண்டு வந்தேன்.

எலும்பை எடுத்தார்கள். பயிற்சி கொடுத்தவர் அதே ஒன்றரைப் புருவச் சேச்சிதான், பழி வாங்குவதுபோல முறுக்கி எடுத்தார். கை பழையபடி ஆகிவிட்டது, அவருடைய புருவமும் வளர்ந்துவிட்டது. இப்போதும் என்னிடம்தான் திருத்திக்கொள்கிறார். வலது புருவத்துக்கு வரும்போது மட்டும் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொள்வார்.

அம்மா மட்டும் மசியவில்லை. "எல்லோ எள்ளோ, எல்லாம் அந்த உருண்டையாலதான்" என்று சாதித்தார். நான் உண்டாகியிருந்தபோது தினமும் போன் போட்டு, எள்ளைத் தொட்டுவிடாதே என்று சத்தியம் வாங்கினார். எனக்கோ, நாக்கு எதற்காவது ஏங்கியது என்றால் அதற்கு மட்டும்தான். செந்தில் மட்டாஞ்சேரிக் கடைவீதியில் எள்ளுருண்டை வாங்கிச் சட்டைப்பையில் ஒளித்துக் கொண்டுவருவார். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று தின்றேன்.

மகள் பிறந்ததும் ஓடிவந்த அம்மா குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. துணியை விலக்கி, கழுத்தின் இரண்டு பக்கமும் விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். பிறகுதான் மூச்சே விட்டார்.

"ஒண்ணுமே இல்ல! பாத்தியா? ஆத்தாக்காரி வாயைக் கட்டுனா புள்ளை எப்படிப் பொறந்துருக்கு பாரு. உனக்கென்னாடி தெரியும், எனக்குத்தான் எல்லாம் தெரியும்."

செந்தில் குழந்தையை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஆமா அத்தை, உங்களுக்கு எள்ளாம் தெரியும்" என்றார்.