ஆலாக்கள் என்னைக் கம்பென்று நினைத்த காலை

மனைவியின் பொழுதுபோக்கைக் கேலி செய்வதில் ஆபத்து குறைவு. கூடப் போவதில்தான் ஆபத்து. இடுப்பளவு சேற்றில் நின்றபோதுதான் இது எனக்கு விளங்கியது.

என் மனைவி றிஸானா சாய்ந்தமருதில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை. சனிக்கிழமைகளில் பறவை பார்க்கப் போகும் குழு ஒன்றில் சேர்ந்திருந்தாள். கல்முனையில் கடற்கரைப் பூங்காவோடு நின்ற அந்தக் குழு, பிறகு வான் வண்டி பிடித்துக் கடலோரக் களப்பு ஏரிகளைத் தேடிப் போகத் தொடங்கியது. தலைவி ஜெனிற்றா மிஸ்ஸி, ஆஸ்பத்திரித் தாதி. வாட்டில் நோயாளிகளை அடக்கும் அதே குரலில் எங்களையும் அடக்குவார். (பூங்காவில் ஒருநாள் நான் தும்மியதற்கு அவர் பார்த்த பார்வையில் எனக்குச் சளித் தடிமனே சுகமாகிவிட்டது.)

அன்றைக்கு இடத்தைத் தெரிவு செய்யும் முறை முதல்தடவையாக றிஸானாவுக்குக் கிடைத்திருந்தது. கோமாரிப் பக்கத்துக் களப்பொன்றைச் சொன்னாள். கூர்மையான சிறகுள்ள வெள்ளை நீர்ப்பறவைகளான ஆலாக்கள் அங்கே கூட்டமாக இறங்கும் என்று ஒரு கிழமையாக எனக்குப் பாடம் நடத்தினாள். போய்ப் பார்த்தால் தண்ணீர் இருந்தது. மீனவர்கள் கைவிட்ட வலைக்கம்புகள் இருந்தன. வானத்தில் ஒரேயொரு காகம் இருந்தது.

வெயில் ஏறியது. யாரோ கொட்டாவி விட்டார். இன்னொருவர் அக்கரைப்பற்றுப் பராட்டாவைப் பற்றிக் கதைக்க ஆரம்பித்தார். றிஸானா மட்டும் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை. முகத்தை மறைக்கத்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

மனைவியின் மானம் போகும்போது கணவன் சும்மா நிற்கலாமா? (நிற்கலாம். அதுதான் எல்லாருக்கும் நல்லது.) நான் களிசான் கால்களை முழங்கால்வரை சுருட்டினேன்.

"கம்புகளுக்கு அங்கால போய்ப் பாத்திட்டு வாறன்."

"தம்பி, அங்க சுரி. கால் புதையும்," என்றார் மிஸ்ஸி.

"நான் மருதமுனைக் கடற்கரையில பொறந்தவன் மிஸ்ஸி!"

கடற்கரை மணல் வேறு, களப்புச் சேறு வேறு. முதலில் செருப்புப் போனது. பிறகு முழங்கால் போனது. இழுக்க இழுக்க இடுப்பும் போனது.

"றிஸானா! தாழுறன்! ஓடி வாங்க!"

கரையிலிருந்து அவள் பதில் வந்தது. "ஆடாம நில்லுங்க! வருது!"

கழுத்தை மட்டும் திருப்பினேன். கடல் பக்கமிருந்து அவை வந்துகொண்டிருந்தன. எத்தனை என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்து வானம் முழுவதும் பறவையாக இருந்தது. ஒரு பக்கம் திரும்பும்போது எல்லாம் வெள்ளையாக மின்னின. மறுபக்கம் திரும்பியதும் மறைந்துபோயின. யாரும் சொல்லாமலே ஒன்றாகத் திரும்பின. என் தலைக்கு மேல் வந்ததும் ஒவ்வொன்றாக இறங்கிக் கம்புகளில் அமர்ந்தன. கம்புகள் முடிந்துவிட்டன.

அப்போது ஒன்று என் தொப்பியில் வந்து இருந்தது.

பாரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. துணிக்கு மேலால் சின்னக் கால்கள் இடம் மாறுவது தெரிந்தது. சிறகை மடித்தபோது காதில் காற்றுப் பட்டது. தாழ்வதை நான் மறந்துவிட்டேன். சத்தம் வராமல் "ஸுப்ஹானல்லாஹ்" என்றன உதடுகள். கரையில் மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். றிஸானா அழுதுகொண்டே படம் எடுத்தாள்.

சட்டைப் பையில் போன் அலறியது.

அத்தனையும் ஒரே வீச்சில் எழுந்தன. அந்தச் சிறகோசையில் நெஞ்சு அதிர்ந்தது. என்னுடையது மட்டும் போகும்போது தொப்பியில் ஓர் அடையாளம் வைத்துவிட்டுப் போனது. போனை எடுத்தேன்.

"மனே, எங்க நிக்கிற?" என்றார் உம்மா.

"சுரிக்குள்ள நிக்கிறன் உம்மா."

"சரி, அங்க சாப்பாடு ஏதும் கிடைக்குமா?"

வான் வண்டியில் கிடந்த கயிற்றை எறிந்து எல்லாரும் இழுத்தார்கள். நான் வந்தேன். களிசான் வரவில்லை. சட்டை நுனியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம், "நாங்க வாட்டில காணாத காலா தம்பி," என்று மிஸ்ஸி ஆறுதல் சொன்னார். வான் சாரதி கொடுத்த சாரத்தைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன். வழி முழுக்க யாரும் பராட்டாவைப் பற்றிக் கதைக்கவில்லை. றிஸானா என் சேற்றுக் கையை விடவேயில்லை.

அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டு மண்டபத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள்.

"இது என்ன பறவை?"

"மீசை ஆலா," என்பாள் றிஸானா.

"கீழ இருக்கிறது?"

"அது கம்பு."

வீடே சிரிக்கும். உம்மாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். கடல் தாண்டி வந்த ஓர் உயிர், இந்தக் களப்பு முழுவதிலும் என் தலையைப் பார்த்து, இங்கே பயமில்லை என்று நம்பி வந்து இருந்திருக்கிறது. மனிதனாக நின்றிருந்தால் வந்திருக்குமா?