மாணிக்கக் குழியில் ஒரு பங்கு

இலங்கையில் பிறந்தவர் இலங்கையில்தான் பிறந்தார் என்பதை நிரூபித்துக் காட்டும்படி சட்டம் மிகுந்த கருணையோடு கேட்டுக்கொண்ட காலம் அது. அக்கரப்பத்தனையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டு அறையொன்றில் பிறந்து, அதே லயத்தில் தலை நரைத்துப்போன அழகுமுத்துவும் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். முதல் விசாரணையில் அதிகாரி, இந்த மண்ணில் உனக்கு என்ன பிடிப்பு என்று கேட்டார். அழகுமுத்து கைகளை நீட்டிக் காட்டினார். தேயிலைக் கறையிலும் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தி கீறிய தழும்பிலும் அரசாங்க முத்திரை எதுவும் இல்லாததால் அவை ஏற்றுக்கொள்ளப்படவில்லை. அடுத்த தவணைக்குள் கடதாசி கொண்டுவரச் சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் லோரன்ஸ் வந்து சேர்ந்தார். குழி தோண்டி மாணிக்கம் எடுப்பதாகக் கடைத்தெருவில் புதிதாகப் பலகை மாட்டியிருந்த கம்பனிக்கு ஸ்தாபகர், காரியதரிசி, காவலாளி எல்லாம் அவரே. பங்கு வாங்குகிறவர் இந்த மண்ணுக்கு, அதுவும் மண்ணுக்கு அடியில், சொந்தக்காரர் ஆகிறார் என்று விளக்கிப் பத்திரத்தையும் காட்டினார். கெட்டித் தாள், சிவப்பு முத்திரை, கீழே மூன்று கையெழுத்து. பெயர், தகப்பன் பெயர், தோட்டம், லயத்து நம்பர் எல்லாவற்றுக்கும் இடம் விட்டிருந்தது.

அழகுமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் அப்பனுடைய பெயர் இவ்வளவு நல்ல தாளில் ஏறப்போகிறது என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

மனைவி காளியாயிக்குத்தான் சந்தேகம். குழியில் தண்ணீர் ஊறினால் இறைக்க மெஷின் உண்டா என்று கேட்டாள். மூலதனம் முழுவதும் பலகைக்கும் பத்திரம் அச்சடிக்கவுமே சரியாகிவிட்டது, மெஷின் பங்கு சேர்ந்த பிறகு வரும் என்று லோரன்ஸ் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"குழியயாச்சும் கண்ணால பாத்தீங்களா?" என்று கணவரைக் கேட்டாள் காளியாயி.

"குழிய வச்சு நான் என்னா செய்ய? எனக்குக் கடுதாசிதானே வேணும்."

கடதாசி மட்டும் வேண்டியவரும் கடதாசி மட்டும் வைத்திருந்த கம்பனியும் இப்படிப் பொருத்தமாகச் சந்திப்பது வியாபார உலகில் அபூர்வம். அழகுமுத்துவிடம் காசு இல்லை. காளியாயி பிள்ளை மாதிரி வளர்த்த ஒரு கறவைப் பசு இருந்தது. கம்பனி பெருந்தன்மையோடு பசுவையே ஏற்றுக்கொண்டது. அதை ஓட்டிக்கொண்டு போனபோது காளியாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

பத்திரம் உடனே வேலை செய்தது. இரண்டாம் விசாரணையில் அதைப் பார்த்த அதிகாரி நாற்காலி போடச் சொன்னார். மொழிபெயர்ப்பாளரின் வாயிலும் 'நீ' 'நீங்கள்' ஆனது. ஆனாலும் சொத்தை நேரில் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. போய்ப் பார்த்த உத்தியோகத்தர் அறிக்கை எழுதினார்: குழி உள்ளது; குழியில் மழைத்தண்ணீர் உள்ளது; தண்ணீரில் எருமைகள் உள்ளன; வேறொன்றும் இல்லை.

மூன்றாம் விசாரணைக்கு அழகுமுத்து முருகனை வேண்டிக்கொண்டே போனார். அதிகாரி மொழிபெயர்ப்பாளரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். மேசை லாச்சியைத் திறந்தார். உள்ளே அதே கெட்டித் தாள், அதே சிவப்பு முத்திரை. நூறு பங்கு. அதிகாரியுடைய மனைவியின் சீதனக் காணி அதில்தான் போயிருந்தது.

"உங்க மனுவைத் தள்ளினா, கம்பனியில ஒண்ணும் இல்லைன்னு நானே எழுதணும்," என்றார், தமக்குத் தெரிந்த தமிழில், தணிந்த குரலில். "எழுதமாட்டேன். போன மாசம் எனக்கு இலாபம் வந்தது, எட்டு ரூபா. ஒண்ணும் இல்லாத கம்பனி எப்படி இலாபம் குடுக்கும்?"

அந்த எட்டு ரூபாய் எங்கிருந்து வந்தது என்று அழகுமுத்துவுக்குத் தெரியும். தினமும் காலையில் காளியாயி தான் வளர்த்த அதே பசுவின் பாலை அரைப் போத்தல் காசு கொடுத்து வாங்கிவருவது அந்தக் கம்பனி வாசலில்தான். சொன்னால் மனு அன்றைக்கே முடிந்துவிடும்.

"நல்ல கம்பனிங்க ஐயா," என்றார்.

முதல் மாணிக்கம் கிடைக்கும்வரை விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது என்று எழுதி, அதிகாரி நிம்மதியாக முத்திரை குத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் காளியாயி கேட்டாள், "அப்ப நம்ம இந்த நாட்டு ஆளுகளா, இல்லையா?"

"மாட்டுக்குப் பால் வத்துற வரைக்கும் இந்த நாடுதான்," என்றார் அழகுமுத்து. "நாளையிலேருந்து முழுப் போத்தலா வாங்கு."